வாலோடு நின்ற புலி

என் இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, ஒரு வால் இருக்கிறது. வால் மட்டும்தான்.

பச்சை நிறம். விரல் நீளம். நுனியில் லேசாக மேல்நோக்கி ஒரு வளைவு. பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டார்கள். மண்புழு என்றார்கள், மிளகாய் என்றார்கள், சின்ன வயதில் ஆணி கீறியதா என்று பாவப்பட்டார்கள். என் கல்யாணத்தன்று சட்டையில்லாமல் மணவறையில் உட்கார்ந்திருந்தபோது, பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் குனிந்து, தழும்பு மறைய நல்ல தைலம் இருக்கிறது, மாப்பிள்ளைக்கு வேண்டுமா என்று காதோடு கேட்டார். வேண்டாம் என்றேன். அது தழும்பு இல்லை, புலி என்று சொல்லும் தைரியம் மணவறையில் வரவில்லை.

ஆமாம், புலி. வாயைப் பிளந்து, பல்லைக் காட்டி, பாய்கிற புலியாக வந்திருக்க வேண்டியது. வராமல் போனதற்குக் காரணம் நான் ஏனோதானோ என்று போய் உட்கார்ந்தது அல்ல. பச்சை குத்துவதற்கு முன்னால் உடம்பைத் தயார்படுத்த வேண்டும் என்பார்கள். மலேசியாவில் எங்கள் பேராக் மாநிலத்திலேயே என்னைப் போல் தயார்படுத்தியவன் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அந்தத் தயாரிப்பில்தான் எல்லாம் நாசமாகப் போனது.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி எங்கள் கித்தாத் தோட்டம். கித்தா என்றால் ரப்பர். அப்பா போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. அம்மா மரம் சீவிக்கொண்டிருந்தார். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். எந்தத் துண்டு விலைபோகிறதோ அங்கிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் சட்டி பானையைக் கட்ட வேண்டும். எங்கள் லயத்துக்கும் சொல்லியாகிவிட்டது. டவுனில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு என் வேலை ஒன்றைத்தான் நம்பியிருந்தோம்.

என் வேலை ஈப்போவில் தமிழ்ப்படம் போடும் ஒரு தியேட்டரில் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பது. (டிக்கெட் கிழிப்பதற்கு ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வாசலில் நிற்பது, கால்பந்து கோலில் தனியாக நிற்பதைவிடக் கஷ்டம்.) இதற்குப் படிப்பு தேவையில்லை, நெஞ்சுதான் தேவை. என் நெஞ்சை ஒவ்வோர் எலும்பாகச் சட்டைக்கு வெளியே இருந்தே பார்க்கலாம்.

சனிக்கிழமை தவறாமல் வருகிறவன் பாராங் மோகன். பாராங் என்றால் காடு வெட்டும் நீளக் கத்தி. அந்தக் கத்தியை அவன் கையில் யாரும் பார்த்ததில்லை, பார்த்துத்தான் நம்புவேன் என்று யாரும் அடம்பிடித்ததும் இல்லை. முழங்கை முதல் மணிக்கட்டு வரை ஒரு ராஜநாகத்தைப் பச்சை குத்தியிருந்தான். படம் தொடங்குகிற நேரத்துக்குத் தன் ஆட்களோடு வருவான். டிக்கெட் என்று நான் வாய் திறப்பதற்குள் என் தலையை ஒரு தடவு தடவிவிட்டு உள்ளே போய்விடுவான். பின்னால் வருகிற அவன் ஆட்களும் வரிசையாகத் தடவிவிட்டுப் போவார்கள். எண்ணெய் வைக்காமலே என் தலை படிந்து கிடக்கும்.

மேனேஜர் இதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மோகனிடம் அவரும் எதுவும் கேட்டதில்லை, கேட்கிற சம்பளம் அவருக்கும் கொடுக்கப்படவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தைப்பூசம் முடிஞ்சு வர்ற சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அன்னைக்கும் அவனுங்க சும்மா உள்ள போனானுங்கன்னா, நீ சும்மா வெளிய போயிருலா."

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது நான் நிறைய யோசித்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம். மோகனும் என்னைப்போல் இரண்டு கை, இரண்டு கால் உள்ளவன்தான். என்னைவிட ஒன்றும் அவ்வளவு உயரமில்லை. அவனைப் பார்த்து ஊர் ஒதுங்குவது எதனால்? அந்த நாகத்தால். நாகத்துக்கே இவ்வளவு மரியாதை என்றால் புலிக்கு எவ்வளவு இருக்கும்? டிக்கெட்டை வாங்க நான் கையை நீட்டும்போது, சட்டைக் கைக்குக் கீழே இருந்து ஒரு புலி எட்டிப் பார்த்தால் போதும், மோகன் தானாகக் கவுண்டருக்குப் போய்விடுவான் என்று தோன்றியது. அந்த வயதில் எனக்கு இப்படியெல்லாம்தான் தோன்றும்.

பழைய டவுனில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் ஆ ஹோக் என்ற சீனர் பச்சை குத்துவார். பனியனோடு உட்கார்ந்திருந்தார். சுவர் முழுக்க டிராகனும் கழுகும் தொங்கின. அவர் உடம்பில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. (அப்போதே யோசித்திருக்க வேண்டும்.) புலி வேண்டும் என்றேன். என் கையைப் பிடித்து, பாசாரில் கோழி பார்ப்பதுபோல் அமுக்கிப் பார்த்தார். இந்தக் கையில் புலி நிற்காது, பூனை போடட்டுமா என்று மலாயில் கேட்டார். புலிதான் என்று பிடிவாதமாக நின்றேன். பெருமூச்சு விட்டுவிட்டு, உடம்பைத் தயார்படுத்துவது எப்படி என்று சொன்னார்.

நன்றாகச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு. சில நாளைக்குத் தண்ணியடிக்காதே. கையில் வெயில் படாமல் பார்த்துக்கொள். இரவில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் தோல் மிருதுவாகும். சொறிந்து புண்ணாக்காதே. முதல் நாள் முடியை மழித்துவிடு. வருகிற அன்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வா.

எல்லாம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. புரியாமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையில் எனக்குக் கொஞ்சம் அனுதாபமாவது கிடைத்திருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். சாப்பிட்டுத் தூங்கி எண்ணெய் தேய்த்துக்கொள்வதெல்லாம் ஒரு தயாரிப்பா? ஊசியை உடம்பில் ஏற்றுகிற காரியம் இவ்வளவு சுகமாகவா இருக்கும்?

எங்கள் தோட்டத்தில் ஊசி விஷயத்தில் அனுபவசாலி ஒருவன் இருந்தான். குணா. லாரியில் கூடப்போகும் அட்டெண்டன், என் உயிர் நண்பன். தைப்பூசத்துக்கு இரண்டு முறை காவடி எடுத்தவன். முதுகு முழுக்கக் கொக்கி, நாக்கில் வேல். கொக்கியைக் கழற்றிய மறுவாரமே தழும்பு தெரியாமல் தோல் மூடிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆ ஹோக் சொன்னதைச் சொன்னபோது குணா சிரித்தான்.

"சாப்ட்டுட்டு ஊசி குத்துனா ரத்தம்தான்லா கொட்டும். ஊசின்னா எல்லாம் ஊசிதான் மச்சான். வெரதம் இல்லாம குத்தலாமா? ஒடம்பு காலியா இருக்கணும். அப்பத்தான் வலி தெரியாது."

நான் குணாவை நம்பினேன். எங்களுக்குத் தெரிந்த உலகத்தில், உடம்பில் இரும்பை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் தயாரானார்கள். முருகனுக்கு ஏற்றினாலும் தியேட்டர் வாசலுக்கு ஏற்றினாலும் தோலுக்கு என்ன தெரியப்போகிறது?

மறுநாளே ஆரம்பித்தேன். விடியும் முன் பைப்படியில் பச்சைத்தண்ணீர்க் குளியல். கவிச்சி கிடையாது. ஒருவேளைச் சாப்பாடு. காலில் செருப்பு இல்லை. பாயையும் சுருட்டி வைத்துவிட்டு வெறும் சிமெண்டுத் தரையில் படுக்கை. காலையும் மாலையும் இடது கைக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த பற்று, அதன்மேல் விபூதி. குத்தப்போகிற கை என்பதால் அதற்கு மட்டும் விசேஷ கவனிப்பு. தரையில் படுத்ததில் கொசுக்களும் அந்தக் கைக்கே விசேஷ கவனிப்புச் செய்தன. சொறியவும் சொறிந்தேன்.

இதை அம்மா பார்ப்பார் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

முதல் நாள் பார்த்துவிட்டுப் பேசாமல் மரம் சீவ வெட்டுக்காட்டுக்குப் போய்விட்டார். கருவாட்டுக் குழம்பை நான் தள்ளி வைத்தபோது நிமிர்ந்து பார்த்தார். தரையில் படுத்ததைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது மூச்சுத் திணறிச் சாகக் கிடந்தேனாம். பிழைத்தால் பெரியவனானதும் காவடி எடுப்பான் என்று கல்லுமலை முருகனிடம் அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். மீசை முளைத்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஞாபகப்படுத்துவார். ஒவ்வொரு வருடமும் எனக்குக் கால் சுளுக்கும்.

"முருகன் ஒனக்கே புத்தி குடுத்துட்டான்லா," என்றார் அம்மா. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வருசம் நான் ஒரு வார்த்த கேக்கல பாரு. நீயா ஆரம்பிச்சிட்ட."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா அதற்குள் சோற்றைப் போட்டுப் பருப்பை ஊற்றினார். முதல்நாள் மதியத்துக்குப் பிறகு எதுவும் உள்ளே போகாத வாய். திறந்த வாயைச் சோற்றுக்குக் கொடுத்துவிட்டேன். அப்பா போனதற்குப் பிறகு அம்மாவின் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை என்பதும் ஒரு காரணம்.

மறுநாளே லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. விரதம் இருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். எல்லோருக்கும் நான் 'சாமி' ஆனேன். பைப்படியில் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் என்னைக் கண்டால் சம்சுச் சாராயப் போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அம்மா ஒரு மஞ்சள் வேட்டி வாங்கி வந்து ஆணியில் மாட்டிவைத்தார். ஒவ்வொரு நாளும் அந்த வேட்டி என்னைப் பார்த்தது, நான் சுவரைப் பார்த்தேன்.

வேலையிடத்தில் நிலைமை இன்னும் மோசம். மழிக்காத தாடி, வெறுங்கால், மஞ்சள் பூசிய கை. இப்படி ஒருவன் வாசலில் நின்றால் மோகன் என்ன செய்வான்? கும்பிட்டான். "சாமி, துன்னூறு" என்று நெற்றியை நீட்டினான். பூசிவிட்டேன். அவன் ஆட்களும் வரிசையில் நின்று நெற்றியை நீட்டினார்கள். எல்லோருக்கும் பூசிவிட்டேன். பக்தியோடு எல்லோரும் டிக்கெட் இல்லாமல் உள்ளே போனார்கள்.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார். இது தியேட்டரா கோயிலா என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா என்றும் கேட்டார். ஞாபகம் இருந்தது.

முடியை மழிக்கும் பிரச்சினை ஒன்று மிச்சமிருந்தது. ஆ ஹோக் மழிக்கச் சொல்லியிருந்தார். விரதத்தில் கத்தி படக்கூடாது என்று குணா சொல்லியிருந்தான். இரண்டு பேர் பேச்சையும் காப்பாற்ற குணாவே ஒரு வழி கண்டுபிடித்தான். கித்தாத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி அது. அம்மாவின் வாளியிலிருந்து ஒரு மங்குக் கிண்ணம் மரப்பாலை எடுத்து, தோளிலிருந்து முழங்கை வரை பூசினான். காய வேண்டுமே என்று வெயிலில் நிற்கவைத்தான். காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. பால் இறுகி, கையோடு கையாக ஒரு ரப்பர் உறை ஆகிவிட்டது. மரத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலை உரிப்பதில்லையா, அதேபோல் ஓரத்தை நகத்தால் கிளப்பி, என் விலாவில் காலை ஊன்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தான்.

முடி வந்தது. முடியோடு வரக்கூடியது வேறு என்னென்னவோ அதுவும் வந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா சாமிக்கு அருள் வந்துவிட்டது என்று சூடத்தட்டோடு ஓடிவந்தார். அவர் சூடம் காட்ட, வலியில் நான் குதிக்க, அக்கா தன் மகள் கல்யாணம் எப்போது நடக்கும் என்று என்னிடம் குறி கேட்டார். சீக்கிரம் என்று கத்தினேன். அங்கிருந்து தப்பிக்க வேறு வழியில்லை.

தைப்பூசத்துக்குச் சில நாட்கள் முன்பு ஆ ஹோக் கடைக்குப் போனோம். அதற்கு முதல்நாளிலிருந்து எனக்குத் தண்ணீர் மட்டும்தான். குணா ஒரு எலுமிச்சம்பழமும் விபூதிப் பொட்டலமும் எடுத்துவந்தான். மாடிப்படி ஏறும்போதே எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. ஆ ஹோக் என் கையைப் பார்த்தார். கொசுக்கடி, சொறிந்த கீறல், வெயிலில் கறுத்த தோல், அதில் உரிந்த இடங்கள் சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேல் மஞ்சள். முகர்ந்து பார்த்தார். மசாலா தடவி வைத்த இறைச்சியைப் பார்க்கிற முகம்.

"சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கே எனக்குத் தலை சுற்றியது.

வாலிலிருந்து தொடங்குவது அவர் வழக்கமாம். கடைசியில் முகத்தைப் போட்டால்தான் புலிக்கு உண்மையான கோபம் வருமாம். ஊசி மெஷின் ரீங்காரமிட்டது. தோலில் பட்டது. வலி தெரியாது என்று சொன்னவன் பக்கத்தில்தான் நின்றான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அவனுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தை என் உச்சந்தலையில் தேய்த்துக்கொண்டு "வேல்! வேல்!" என்று முழங்க ஆரம்பித்தான். கீழே முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

எனக்குக் காது அடைத்தது. சுவரில் இருந்த டிராகன்கள் மெல்ல நகர்ந்தன. ஆகா, அருள் வந்துவிட்டது, குணா சொன்னது சரிதான் என்று நினைத்தேன். நான் கடைசியாக நினைத்தது அதுதான். அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டேன்.

பிறகு நடந்தது குணா சொல்லித் தெரியும். சாமி மலையேறிவிட்டது என்று நினைத்து அவன் விபூதியை அள்ளி என் நெற்றியில் அடித்திருக்கிறான். பாதி மைக் கிண்ணத்தில் விழுந்திருக்கிறது. ஆ ஹோக்குக்கு அருளெல்லாம் தெரியாது. கண் சொருகி, நெற்றியில் சாம்பலோடு கிடக்கிற ஆளைப் பார்த்து, "மாத்தி! மாத்தி!" செத்துட்டான் செத்துட்டான் என்று கத்திக்கொண்டே படியிறங்கி ஓடியிருக்கிறார். சீனப் புத்தாண்டு நெருங்குகிற நேரம். கடை நாற்காலியில் பிணம் விழுந்தால் அந்த வருடம் என்ன ஆகும்?

நான் கண் விழித்தபோது அவர் தூர நின்று, சுவே, சுவே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். துரதிர்ஷ்டம் பிடித்தவன் என்று என்னைத்தான் சொன்னார். நான் எழுந்து உட்கார்ந்து, மிச்சப் புலியைப் போடுங்கள் என்றேன். அவர் மெஷினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். இந்தக் கையில் இனிமேல் ஊசி வைக்க மாட்டேன், நாற்காலியை முதலில் கழுவ வேண்டும் என்றார். குணாவிடம் எங்களுடைய எலுமிச்சம்பழத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் என் கோலத்தைக் கண்டக்டர் நெடுநேரம் பார்த்துக்கொண்டே வந்தார். தாடி, சாம்பல் அப்பிய நெற்றி, வெறுங்கால், மஞ்சளும் மையும் வழிகிற கை, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநல மருத்துவமனை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நிறுத்தம் வந்ததும் நாங்கள் கேட்காமலே மணியடித்துப் பஸ்ஸை நிறுத்தினார். குணாவைப் பார்த்து, மெதுவாக இறக்குங்கள் அண்ணே, நாங்கள் காத்திருக்கிறோம் என்றார். நாங்கள் இறங்கவில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஏன் இறங்கவில்லை என்று பார்த்தார்கள்.

முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தேன். ராத்திரி காய்ச்சல் கண்டது. கை வீங்கி, சட்டை புண்ணோடு ஒட்டிக்கொண்டது. காலையில் அம்மா வெந்நீர் வைத்துச் சட்டையை நனைத்து மெல்ல எடுத்தார்.

"என்னாடா இது?"

"புலிம்மா."

அம்மா கையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினார். "எங்க?"

"இது வாலு."

அவர் ஈரச் சட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப வெரதம்?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். அவர் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அடிக்கவில்லை. ஆணியில் தொங்கிய மஞ்சள் வேட்டியை எடுத்து, மடித்து, பெட்டிக்குள் வைத்து மூடினார். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

புண்ணைக் கழுவி மருந்து போடும்போதுதான் எதற்காகப் புலி என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். வாசல், மோகன், தலை தடவல், மேனேஜர் சொன்ன சனிக்கிழமை, நாங்கள் எடுக்கவேண்டிய அறை. சொல்லும்போது அழுதும்விட்டேன். (காய்ச்சல்.) அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த மோகன் யாரு வூட்டுப் புள்ள?"

தெரியாது என்றேன். ரவுடிகளுக்கு வீடு இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

புண் இருக்கிற உடம்போடு காவடி எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேண்டிக்கொண்டது நான்தானே, நானே எடுக்கிறேன் என்று அம்மா தைப்பூசத்தன்று பால்குடம் தூக்கினார். வெயிலில் தார் ரோடு கொதித்தது. வீங்கிய கையோடு நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். என்னைச் சாமி என்று கூப்பிட்ட லயத்துக்காரர்கள் என்னையும் பார்த்தார்கள், அம்மா தலையில் இருந்த குடத்தையும் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன், என் முகம் மறைவதற்கு.

அந்தச் சனிக்கிழமை வந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேனேஜர். நான் வேறு வழியில்லாமல் அரைக்கைச் சட்டையை மேலே சுருட்டி, வாலையாவது காட்டுவோம் என்று நின்றேன். மோகன் வந்தான். நின்றான். குனிந்து உற்றுப் பார்த்தான்.

"என்னா தம்பி, புழுவா?"

அவன் ஆட்கள் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். மோகன் என் தலையைத் தடவக் கையைத் தூக்கினான். அவ்வளவுதான், வேலை போயிற்று, அறை போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தம்பி, நில்லுப்பா."

அம்மாவின் குரல். கச்சான் கடலை விற்பவர் பக்கத்தில் ஒரு முக்காலியில் எப்போதிருந்து உட்கார்ந்திருந்தார் என்று தெரியவில்லை. நல்ல சேலை கட்டியிருந்தார். எழுந்து வந்து மோகனுக்கு முன்னால் நின்றார். அவன் மார்பு உயரம்கூட இல்லை.

"யாரு வூட்டுப் புள்ளப்பா நீ?"

மோகனிடம் அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. விழித்தான். எதற்கு என்றான். சும்மாதான் என்றார் அம்மா. எந்தத் தோட்டம் என்று கேட்டார். தாப்பா பக்கம் என்றான். மேல் லயமா கீழ் லயமா என்று கேட்டார். கீழ் லயம் என்றான். தூக்கிய கை எப்போதோ கீழே இறங்கிவிட்டிருந்தது.

"ஒங்கம்மா பேரு என்னாப்பா?"

மோகன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "முனியம்மா," என்றான், பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்வதுபோல.

"மரம் சீவுற முனியம்மாதான? போன வருசம் யூனியன் கூட்டத்துல பாத்தேன். மவன் ஈப்போவுல நல்ல வேலைல இருக்கான்னு சொல்லிச்சு. சொல்லும்போதே அதுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு." அம்மா நிறுத்திக்கொண்டு அவன் கையிலிருந்த நாகத்தைப் பார்த்தார். "அடுத்த கூட்டத்துல பாப்பேன். என்னான்னு சொல்லட்டும்?"

மோகன் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். ஒரு முழுக்கைச் சட்டை இருந்திருந்தால் அப்போதே போட்டிருப்பான்.

"இந்த வேலைய வெச்சுத்தான்ப்பா நாங்க வூடு பாக்கணும். டிக்கெட் எடுத்துக்கிட்டு உள்ள போ சாமி."

மோகன் கவுண்டருக்குப் போனான். தன் ஆட்கள் எல்லோருக்கும் டிக்கெட் வாங்கி வந்தான். ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டினான், நான் கிழித்தேன். கடைசி டிக்கெட்டைக் கொடுக்கும்போது என் காதருகே குனிந்தான். "அடுத்த வாரம் அம்மாவ வரவேணாம்னு சொல்லு தம்பி," என்று கெஞ்சினான்.

(அம்மா அந்த முனியம்மாவைப் பார்த்ததே இல்லை. யூனியன் கூட்டத்துக்கும் போனதில்லை. பிறகு எப்படி அம்மா என்று கேட்டேன். எல்லா அம்மாவும் வெளியே அப்படித்தான் சொல்லும் என்றார்.)

வேலை தங்கியது. டவுனில் அறையும் எடுத்தோம். ஆனால் என் கௌரவம் அன்றோடு முடிந்தது. புலியைக் காட்டி ஊரை நடுங்கவைக்கப் போனவனிடம், ஈப்போவில் இருந்த அத்தனை ரவுடிகளும் டிக்கெட்டை நீட்டி, "அம்மா சௌக்கியமா தம்பி?" என்று விசாரித்தார்கள். மேனேஜர் மகிழ்ந்துபோய் அம்மாவுக்கு வாசல் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டார். அம்மா எல்லாச் சனிக்கிழமையும் வந்தார். ஆட்டம் தொடங்கியதும் எழுந்து, என்னைக் கடந்து, உள்ளே போய்ப் படம் பார்ப்பார். அதற்குப் பிறகு அந்த வாசலில் டிக்கெட் இல்லாமல் உள்ளே போன ஒரே ஆள் அவர்தான். அவரை நிறுத்தும் தைரியம் எனக்கு வரவே இல்லை.

மிச்சப் புலி வரவில்லை. ஆ ஹோக் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். தியேட்டர் எப்போதோ மூடிவிட்டது. குணாவின் முதுகில் இன்றைக்கும் ஒரு தழும்பு கிடையாது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் ரத்த அழுத்தம் பார்க்கக் கிளினிக்குக்குப் போனோம். எண்பதைத் தாண்டிய அம்மாவையும் கூட்டிப்போயிருந்தேன், அவருக்கு வெளியே நாற்காலி போட்டிருந்தார்கள். பட்டையைச் சுற்றச் சட்டைக் கையை ஏற்றிய நர்ஸ் பெண் நின்றுவிட்டாள். என்ன அங்கிள் இது, புழுவா என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருந்த என் மகள் முந்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் எப்போதோ தயாராகிவிட்டது.

"அது வாலுக்கா. புலி வெளிய உக்காந்திருக்கு."

நர்ஸ் பெண் ஒன்றும் புரியாமல் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்க ஆரம்பித்தாள். வெளியே எவனோ ஓர் இளைஞன் வரிசையில் நிற்காமல் முன்னால் வந்திருக்க வேண்டும். கதவு வழியாக அம்மாவின் குரல் கேட்டது.

"தம்பி, யாரு வூட்டுப் புள்ளப்பா நீ?"